ஜப்பான்காரனுக்குச் சொன்ன ஸ்பானிஷ் காதல் கவிதை

எந்த மொழியை வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் எதைப் படிக்கிறோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் படிக்க வேண்டும். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் கெடா மாநிலத்திலேயே ஸ்பானிஷ் இலக்கியம் படித்த ஒரே தமிழன் நான்தான் என்று நினைக்கிறேன். (வேறு யாராவது இருந்தால் அவருக்கு என் அனுதாபங்கள்.)

அப்பா சுங்கைப்பட்டாணியில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஜப்பான் மொழி தெரிந்தால் பையன் பிழைத்துக்கொள்வான் என்று, டவுனில் ஜப்பானியர் நடத்திய கல்லூரியில் என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே ஜப்பான் மொழி வாத்தியார் பாதிப் பாடத்தை வாயாலும் மீதியைக் கையாலும் நடத்துவார். சீக்கிரமே என் கன்னம் படிப்பை வெறுத்துவிட்டது. பக்கத்து அறையில் சங்கீத வகுப்பு. அதன் வாத்தியார் ஒரு மணிலாக்காரக் கிழவர். பேண்டு வாசிக்க வந்த இடத்தில் சண்டையில் மாட்டிக்கொண்டவர். ஊதத் தெரியாதவர்களையும் உட்காரவைத்து, அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்து, தான் சின்ன வயதில் படித்த ஸ்பானிஷ் மொழியையும் கவிதைகளையும் சொல்லித்தருவார். நான் போனது கிழங்குக்காக, தங்கிவிட்டது கவிதைக்காக. வீட்டில் நான் முணுமுணுத்ததையெல்லாம் அப்பா ஜப்பான் என்றே நம்பி, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார்.

அந்தப் பெருமை புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கங்காணியின் காதில் விழுந்தது. அவருக்குப் பாக்கியம் என்றொரு மகள், சின்னையா என்றொரு மகன். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஜப்பான்காரனிடம் பேசத் தெரிந்த மாப்பிள்ளை கிடைத்தால் சின்னையாவைக் காப்பாற்றிவிடலாம் என்று கங்காணி கணக்குப் போட்டார். பெண் பார்க்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரே பையன், மாப்ளே. ஜப்பான்காரன் வந்தா நீங்கதான் பேசணும்."

"பேசுவான், பேசுவான்," என்றார் அப்பா. "இவன் தூக்கத்துலகூட ஜப்பான்தான்."

நான் மரவள்ளி மாவுப் பணியாரத்தை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன். பாக்கியம் காப்பியோடு வந்தாள். நிமிர்ந்து பார்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வெளியே நாய் குரைத்தது. வாசலில் ஒரு ஜப்பானியச் சிப்பாய், தோளில் துப்பாக்கியோடு நின்றான்.

சின்னையா அடுப்படியில் விறகுக் குவியலுக்குப் பின்னால் பாய்ந்தான். கங்காணி கொல்லைப்பக்கம் போனார். அப்பாவைக் காணவே காணோம். எனக்குக் கால் வரவில்லை, அதனால் நின்றேன். அம்மா என் பிடரியில் கைவைத்து வாசலுக்குத் தள்ளினார். (பாக்கியம் அதைப் பார்க்கவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.)

குனிந்து வணங்கினேன். ஜப்பான் மொழியில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. வாயைத் திறந்தால் ஸ்பானிஷ் வந்தது. அதுவும் காதல் கவிதை. கடற்கரையில் காதலியைப் பிரிந்தவன் 'என் இதயமே, என் வெள்ளைப் புறாவே' என்று உருகுவான். நெஞ்சில் கைவைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று மணிலாக்காரர் பழக்கியிருந்ததால் கையும் தானாகப் போய் நெஞ்சில் உட்கார்ந்தது. பாதியில் நிறுத்தினால் சுட்டுவிடுவானோ என்ற பயத்தில் முழுவதையும் சொல்லி முடித்தேன். சிப்பாய்க்கும் என் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டான். பிறகு கடைத்தெரு மலாயில், "ஆயாம் அடா?" என்றான்.

கோழி இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறான்.

"அடா, துவான்," இருக்கிறது ஐயா என்று பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. கல்யாண விருந்துக்கென்று வளர்த்த ஒரே கோழியைப் பஞ்சாரத்திலிருந்து பிடித்துக் கொடுத்தாள். அவன் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சின்னையா மட்டும் பொழுது சாயும்வரை விறகை விட்டு நகரவில்லை.

"ஜப்பான்ல என்னா மாப்ளே சொன்னீங்க?" என்றார் கங்காணி.

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "அது ஜப்பான் இல்லீங்க. ஸ்பானிஷ்."

"அது எங்க பேசுறது?"

"ரொம்ப தூரம் லா."

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சம்பந்தம் முறிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன். அப்போதுதான் பாக்கியம் வாயைத் திறந்தாள்.

"ஏம்பா, அவன் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கொல்லையில," என்றார் கங்காணி.

"மாமா?"

"கட்டிலுக்கு அடியில," என்று அம்மா காட்டிக்கொடுத்தார்.

"ஒண்ணும் தெரியாமயே இவருதான் முன்னால நின்னாரு. எனக்கு இவரு போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. (விம்மி விம்மி அழுதேன் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னது மிகை.)

அந்த மாதமே கோழி இல்லாமல் கல்யாணம் நடந்தது. அப்பா கடைக்குக் கருவாடு போடும் மீனவர் ஒருவர் கோத்தா கோலா மூடாவில் இருந்தார். சின்னையா அவர் வீட்டில் வலை பின்னிக்கொண்டே சண்டை முடியும்வரை ஒளிந்திருந்தான். ஆக, அவனைக் காப்பாற்றியது எந்த மொழியும் இல்லை, கருவாடுதான்.

பாக்கியம் இந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வாள். சொல்லச் சொல்லக் கோழி கொழுத்துக்கொண்டே போகும். ஆனால் சின்னையாவிடம் வேறு கதை இருக்கிறது. விறகுக்குப் பின்னால் அவனுக்கு என் குரல் மட்டும்தான் கேட்டது. பிறகு நாங்கள் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவன் ஏற்கவில்லை. "மச்சான் ஜப்பான்ல பேசுனாரு, அவன் பேசாம திரும்பிப் போய்ட்டான்," என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வான். சொல்லும்போது குரல் உடையும். அவனோடு பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்த கூட்டாளிகள் சயாமிலிருந்து திரும்பவில்லை. தான் மட்டும் தப்பியதற்கு அவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது; அது நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவன் சொல்லும்போது மட்டும் பாக்கியம் கோழியைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.