பிரமாணம் அண்ணன் கேட்ட ஷரத்து

இந்திய அரசியல் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் டெல்லியில் இல்லை. போர்ட் பிளேயரில், அபர்டீன் பஜாருக்குப் பின்னால் மேடேறும் சந்தில், எனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். இதை எந்தச் சபையிலும் சொல்ல நான் தயார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் பிரமாணம் அண்ணன்.

எழுபதுகளின் தொடக்கம். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்திருந்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர், மேலே ஒரே தகரக் கூரை. மழை பெய்தால் எதுவும் காதில் விழாது, விட்டால் எல்லாம் விழும். வந்த முதல் வாரம், மழை விட்ட ஒரு மத்தியானம். கடல்மேல் மூட்டமும் வெயிலும் கலந்து கிடக்க, ஊரே அரைத்தூக்கத்தில் இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு பெண்குரல், "சரி, அப்புறம்?" என்று ராஜா ராணிக் கதை கேட்பதைப்போலக் கேட்டது.

அந்தப் பெண்குரல் அவருடைய அக்கா. இராமநாதபுரத்துப் பக்கம். மர மில்லில் வேலை பார்த்த புருஷனோடு தீவுக்கு வந்தவர், பெற்றோர் இல்லாத தம்பியையும் இடுப்பில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். புருஷன் காலமானான். தம்பி படித்து சர்க்கார் பண்டகசாலையில் குமாஸ்தா ஆனான். அதன்பிறகு ஏதோ ஒரு காய்ச்சல் வந்து அக்காவின் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அக்கா கட்டிலில். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் தம்பிதான். கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு ஞாபகமே வரவில்லை. அக்காவுக்குத் தலைவாரிப் பின்னல் போடுவதில் எங்கள் சந்துப் பெண்கள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

சட்டப் புத்தகத்தை அவர் அக்காவுக்குப் பொழுதுபோக வாசிக்கத் தொடங்கினாராம். வாசித்து முடித்தபோது அவருக்குத் தூக்கம் போய்விட்டது. என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"கணக்குத் தணிக்கை பண்றவருக்கு அதுல பிரமாணம் இருக்கு தம்பி. ஜட்ஜுக்கு இருக்கு, மந்திரிக்கு இருக்கு. படுத்த ஆளைப் பொரட்டிப் போடுறவனுக்கு ஒரு வரி இல்ல. இது நாயமா?"

நாயமில்லைதான் என்றேன். அந்த ஒரு சொல்லால் நான் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வது தேசப்பணி என்று ஒரு ஷரத்து வேண்டும் என்பது அவர் கட்சி. அது வந்துவிட்டால் சம்பளம், லீவு, மாற்றாள் எல்லாம் தானாகப் பின்னால் வரும். டெல்லி விழித்துக்கொள்ளும்வரை சும்மா இருக்க முடியாதென்று பிரமாணத்தை மட்டும் அவரே அமல்படுத்திவிட்டார். அவர் ஆபீஸ் போகும் நேரத்தில் அக்காவுக்குத் துணை இருக்க வருகிற எவரும் வாசற்படியில் நின்று, வலது கையைத் தூக்கி, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"அக்கா பக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் முகம் சுளிக்க மாட்டேன். கேட்டதைக் கொடுப்பேன், கேட்காததைக் கவனிப்பேன். அவர் சொல்லும் பழங்கதையை முதல் தடவை கேட்பவன் போலவே கேட்பேன்."

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்து பாய், மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருக்க வருவார். தினமும் வருகிறவனுக்குத் தினமும் எதற்குச் சத்தியம் என்று ஒருநாள் கேட்டுவிட்டார். நேற்று எடுத்தது நேற்றைய டியூட்டிக்கு என்று பதில் வந்தது. ஆண்டவன் பெயரால் எடுக்கலாமா, உளமார எடுக்கலாமா என்பது மட்டும் அவரவர் இஷ்டம். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம். பால் ஊற்ற வந்த பெங்காலிக்காரர் இந்தியில் எடுத்துக்கொண்டார். அக்கா கட்டிலில் படுத்தபடியே ஒவ்வொரு பதவியேற்பையும் பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். தம்பி திரும்பிப் பார்த்தால் முகத்தைக் கவர்னர்போல வைத்துக்கொள்வார்.

சாயங்காலங்களில் அண்ணன் கனவு சொல்வார். ஒரே கனவுதான், வாரத்துக்கு வாரம் வளரும். விடியக் கருக்கலில் துறைமுகத்துக்கு ஒரு வெள்ளைக் கப்பல் சத்தமே இல்லாமல் வருகிறது. அதிலிருந்து நர்சுகள் இறங்குகிறார்கள், வரிசையாக, கையில் ஆளுக்கொரு லாந்தர். கராச்சர்மாவுக்குக் கொஞ்சம் பேர், புரோத்ராபூருக்குக் கொஞ்சம் பேர் என்று மூட்டத்துக்குள்ளே பிரிந்து போகிறார்கள். எந்தெந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். கதவைத் தட்டி, பார்த்துக்கொள்கிற ஆளிடம், "இன்னைக்கு உங்களுக்கு லீவு, சர்க்கார் உத்தரவு" என்கிறார்கள். பாண்டு வாத்தியம் உண்டா என்று அக்கா கேட்பார். அடுத்த வாரம் கனவில் பாண்டு வாத்தியம் சேர்ந்துவிடும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் விடிகாலையில் கடலைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அந்த நிலையில்தான் அவருக்குக் கேம்பல் பே என்ற ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தீவுகளிலேயே கடைக்கோடி. அப்போதுதான் காட்டை வெட்டி ஜனங்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டிலோடு அக்காவைக் கப்பலில் ஏற்ற முடியாது, ஏற்றினாலும் அங்கே ஆஸ்பத்திரி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. போனால் அக்கா இல்லை, போகாவிட்டால் வேலை இல்லை. அண்ணன் மேலிடத்தில் போய் நின்றார். வயதான தாய் தந்தை, பெண்டாட்டி பிள்ளை என்றால் யோசிக்கலாம், அக்காவுக்கு விதியில் இடமில்லை என்றார்கள். அன்று மழை இல்லை. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கப்பலில் மெயின்லேண்டிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், மாற்றலை நிறுத்த அவரால் முடியும் என்று பாய் விசாரித்துக்கொண்டு வந்தார். ஆளை நேரே வீட்டுக்குக் கூட்டி வந்து அக்காவைக் காட்டிவிடுவது என்று முடிவாயிற்று. கப்பல் வரும் நாளில் ஊரில் யாருக்கும் வேறு வேலை கிடையாது, எல்லாரும் கப்பல் அணையும் ஜெட்டியில்தான் இருப்பார்கள். நானும் பாயும் அந்தக் கூட்டத்தில் முண்டி நின்றோம். அந்தமானில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் படியில் கோட்டுப் போட்டு இறங்குகிறவர் எவராக இருந்தாலும் அவர் டெல்லி. கோட்டுப் போட்டு ஒருவர் இறங்கினார். பாய் சலாம் வைத்து, "சாப், ஏக் பார் கர் தக்", ஒரே ஒரு தடவை வீடுவரைக்கும், என்று இழுத்தார். அவர் கேள்வியே கேட்காமல் எங்களோடு நடந்தார். பெரிய மனிதர்களில் இப்படியும் உண்டா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலுக்கு வந்ததும் அவர் வீட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அக்காவின் மருந்தும் அதே கப்பலில் வந்திருந்தது, அதை வாங்க அண்ணன் ஜெட்டிக்கு ஓட வேண்டிய அவசரம். ஆனாலும் முறை முறைதான். கோட்டுக்காரரின் கையைத் தூக்கச் சொல்லி, முழுப் பிரமாணத்தையும் எடுக்க வைத்துவிட்டுத்தான் ஓடினார். அவரும் கோயமுத்தூர்த் தமிழில் ஒரு சொல் விடாமல் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, "மாடு எங்கீங்க?" என்றார்.

அவர் கால்நடை டாக்டர். குடியேறியவர்களின் மாடுகளைப் பார்க்க வந்தவர். எந்தத் தீவில் இறங்கினாலும் ஜனங்கள் இப்படித்தான் இழுத்துக்கொண்டு போவார்களாம். நிஜ அதிகாரி அரைக்கைச் சட்டையில் எங்களைத் தாண்டிப் போயிருக்கிறார்.

எனக்கும் பாய்க்கும் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரோ, பிரமாணம் எடுத்தாயிற்றே என்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அக்கா வழக்கமான கதையைத் தொடங்கினார். டாக்டர் முதல் தடவையாகக் கேட்டார், அவருக்கு அது சுலபம். தண்ணீர் கொடுத்தார், விசிறினார். போர்வையைச் சரிசெய்தபோது அக்காவின் குதிகாலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். முழங்கைகளையும் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை வருசமா படுத்திருக்கீங்க அம்மணி?"

"அது ஆச்சு, ரொம்ப வருசம். ஏன் கேக்குறீக?"

"படுத்த மாட்டை நாலு நாள் பொரட்டாம உட்டாலே புண்ணு வந்துருமுங்க. உங்களுக்கு ஒரு சிவப்புக்கூட இல்லீங்களே."

அக்கா சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "என் தம்பி ராத்திரி ஒருநாளும் முழுசாத் தூங்குனது இல்ல சாமி. இதை அவன்கிட்ட நான் சொன்னதும் இல்ல" என்றார். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரும் அதிகாரியும் ஒரே விருந்தினர் மாளிகையில் தங்கியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் என்ன பேசினார்களோ, இரண்டு நாளில் மாற்றல் நிறுத்தி வைக்கப்பட்டது. உத்தரவில் எழுதியிருந்த காரணம், கருணை. பாய் கடையில் எல்லாருக்கும் சர்பத் கொடுத்தார். பிரமாணம் அண்ணன் மட்டும் கடுகடுவென்று இருந்தார். "நான் கருணையா கேட்டேன்? நாளைக்கு இன்னொரு அதிகாரி வருவாரு, அவருக்குக் கருணை இல்லைன்னா? பக்கத்துத் தீவுல ஒருத்தன் தாத்தாவையோ தங்கச்சியையோ பாத்துக்கிட்டு இருப்பான், அவன் எந்த மாட்டு டாக்டரைத் தேடிப் போவான்? எழுதணும் தம்பி. புஸ்தகத்துல எழுதணும்."

பைத்தியக்காரத்தனமாகப் பேசினாலும் அவர் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

டாக்டர் ஊர் திரும்பிய அன்று, அக்காவைப் பாயிடம் விட்டுவிட்டு அண்ணனும் நானும் வழியனுப்பப் போனோம். கப்பல் ராஸ் தீவைத் தாண்டி வெயில் புகையில் கரைந்துகொண்டிருந்தது. ஜெட்டியில் கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடி மறுபடியும் ஷரத்தில் போய் நின்றார். வாரத்தில் ஒருநாள் மாற்றாள், அதை மட்டுமாவது முதலில் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

இத்தனை காலத்தில் அவரிடம் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள், நர்சு வந்துவிட்டாள், காலையிலிருந்து சாயங்காலம்வரை உங்களுக்கு லீவு, என்ன செய்வீர்கள்?

அவர் யோசித்தார். கோர்பின் கடற்கரைக்குப் போவாரா, சினிமாவுக்குப் போவாரா, கவிழ்ந்து படுத்துத் தூங்குவாரா என்று நானும் காத்திருந்தேன். வெகுநேரம் யோசித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"அந்த நர்சு அக்காவை ஒழுங்காப் பாத்துக்கிறாளான்னு போய்ப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன் தம்பி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, நேரமாகிவிட்டது என்று மேட்டில் வேகமாக ஏறத் தொடங்கினார். அந்த முதுகைப் பார்த்தபோது என் நெஞ்சில் பொங்கிய பிரியம், இத்தனை வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது.