வட்டமாக அச்சிட்ட ஆசிரியர் குழு

பத்திரிகை தொடங்கினால் எழுத ஆள் அகப்படாது. ஆசிரியர் குழுவில் இருக்க மட்டும் ஆள் தட்டுப்பாடே வராது. இது மாத்தளைக்கு மட்டும் உள்ள குணமா, உலகத்துக்கே பொதுவா என்று நான் ஆராய்ந்ததில்லை. எனக்கு மாத்தளையைத்தான் தெரியும்.

அப்போது நான் பட்டணத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் உதவி ஆசிரியன். இலங்கையில் வெள்ளைக்காரன் ஆட்சி. சாதாரண சனத்துக்கும் ஓட்டு என்று ஊரெல்லாம் புதிதாகப் பேச்சு. ஓட்டு வந்தால் போதுமா, அதை வைத்து என்ன செய்வதென்று சனத்துக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டாமா? அந்த ஒருவர் நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. (அந்த வயதில் எல்லாருக்கும் தோன்றும். பலருக்கு ஒரு காய்ச்சலோடு போய்விடும்.)

பத்திரிகைக்குக் ‘குடிமை விளக்கம்’ என்று பெயர் வைத்தேன். ‘பொதுசன ஆராய்ச்சிக் காலாண்டிதழ்’ என்று அதற்கு ஒரு வாலும் வைத்தேன். மொத்தம் எட்டுப் பக்கம்.

குழுவில் ஐந்து பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுந்தரம்பிள்ளை, ‘அ’ எழுதுவதற்கு முன்பே முடிவுரை சொல்லக்கூடியவர். மிளகு, கொக்கோ வியாபாரம் செய்த காதர் நானா, தாள் வாங்கித் தந்தவர். யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த ராயப்பன், இங்கிலீஷ் தெரிந்தவர். பெண்கள் பள்ளிக்கூடத்து ஞானசௌந்தரி டீச்சர். பிறகு நான்.

இதில் உருப்படியாக ஏதாவது எழுதியவர் டீச்சர் ஒருவர்தான். சந்தைக்குப் பின்னால் ஒரு சாக்கடைக் கான் ஓடியது. ஓடியது என்பது ஒரு மரியாதைக்கு. ஊர்க் கழிவெல்லாம் அதில் நின்றுகொண்டுதான் இருந்தது. அதை ஒட்டி வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் மழைக்காலம் வந்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. டீச்சரின் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். அவர் வீடுவீடாகப் போய்த் தாய்மாரிடம் விசாரித்து இரண்டு பக்கக் கட்டுரை எழுதித் தந்தார். பட்டணத்துச் சபையின் தலைவரை வெளியீட்டு விழாவுக்கு அழைத்து, அவர் கையிலேயே அதைக் கொடுத்து, கானைத் திருத்தச் சொல்லிக் கேட்பது என்று திட்டம்.

திட்டம் நல்ல திட்டம்தான். குழுவின் பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்ற கேள்வி வந்ததுதான் வினை.

சுந்தரம்பிள்ளை வயதின்படி என்றார். ராயப்பன் படிப்பின்படி என்றார். எனக்கு உழைப்பின்படி என்று பட்டது. உழைப்பு என்று நான் நினைத்துக்கொண்டது அலைச்சலை. காதர் நானா மட்டும் தன்மையாகப் பேசினார்.

“என்ட பேரைக் கடைசியில போட்டாலும் பரவாயில்ல மாஸ்டர். கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.”

கூட்டம் கூட்டமாகப் பேசியும் தீரவில்லை. முடிவில் வழி கண்டுபிடித்த மேதை நான். பெயர்களை வட்டமாகப் போட்டுவிட்டால் முதலும் இல்லை, கடைசியும் இல்லை! எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டவில்லை.

அச்சுக்கூடத்து மாணிக்கம் ஈய எழுத்து நேராகத்தான் நிற்கும் என்று மன்றாடிப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு தகர டின்னைச் சுற்றி எழுத்துகளை அடுக்கி, சந்துகளில் களிமண்ணை அப்பி, எப்படியோ வட்டத்தை நிறுத்தினார். பட்டங்களும் பதவிகளும் சேர்ந்ததில் அந்த வட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் குழுவின் அறிமுகம். எதையாவது எடுத்தால்தான் இடம் என்றார் மாணிக்கம். சுந்தரம்பிள்ளையின் முன்னுரையை எடுத்தால் அவர் பேசமாட்டார். என் தலையங்கத்தை எடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. கானை எடுத்தேன். அடுத்த இதழில் போட்டால் போகிறது, கான் எங்கே ஓடிப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

விழாவுக்குச் சபைத் தலைவர் வந்தார். தோட்டத்துரையாக இருந்து ஓய்ந்த வெள்ளைக்காரர். தொழிலாளரிடம் பழகிய தமிழ் பேசுவார். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் செய்வார். நான் பட்டுத்துணியில் வைத்துப் பத்திரிகையை நீட்டினேன். அவர் வட்டத்தைப் பார்த்தார். தாளைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். பிறகு தாளை அப்படியே பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தார். முன்வரிசையில் இருந்தவர்களின் தலைகளும் அவரோடு சேர்ந்து சாய்ந்தன. அவர் கண்ணுக்கு முதலில் நேராகப் பட்டது காதர் நானாவின் பெயர். அதையே உரக்க வாசித்தார். நானா எழுந்து சலாம் வைத்தார். “பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்” என்று சுந்தரம்பிள்ளை என் காதுக்குள் சீறினார்.

துரை மற்றப் பக்கங்களையும் புரட்டினார். முன்னுரை, வாழ்த்துரை, அறிமுகம், தலையங்கம். பத்திரிகையை மூடி மேசையில் வைத்தார்.

“எல்லாம் பேர். வேலை எங்கே?” என்று கேட்டார். “இதுக்கு அரைப் பேர்தான் போடலாம்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தோட்டத்தில் நாள் வேலையை முழுதாகச் செய்தவருக்குக் கணக்கில் ஒரு பேர் விழும். குறையாக விட்டவருக்கு அரைப் பேர். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அது சொந்த அனுபவம். ராயப்பனுக்கு அதைப் போடுவதே உத்தியோகம். அவர்தான் எல்லாரிலும் அதிகமாகச் சிரித்தார்.

அப்போதுதான் ஞானசௌந்தரி டீச்சர் பத்திரிகையை முழுவதும் புரட்டிப் பார்த்து முடித்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

“வேலை செஞ்சிருக்கோம் தொரை. அது புஸ்தகத்துல இல்ல, சந்தைக்குப் பின்னால இருக்கு. வந்தீங்கன்னா காட்டுறேன்.”

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். பத்திராதிபர் நான் இருக்க, வழிகாட்டுவது இன்னொருவரா? ஓடிப்போய் எல்லாருக்கும் முன்னால் நின்றேன். துரைக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று, அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டு, குடிமக்களின் கடமை பற்றிப் பேசினேன். புது வேட்டி, சரிகை அங்கவஸ்திரம்.

“மாஸ்டர், பின்னால பாருங்க” என்றார் டீச்சர்.

என் பேச்சைக் குறுக்கே வெட்டுகிறார் என்று எனக்குக் கோபம். “ஆசிரியர் பேசும்போது குறுக்கிடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே அடுத்த அடியை வைத்தேன்.

கானின் ஆழம் இடுப்பளவு. அதற்குள் என்னென்ன இருந்தது என்பதை, இதைச் சாப்பாட்டு வேளையில் வாசிப்பவர்களை நினைத்து, விட்டுவிடுகிறேன். வேட்டி என்னோடு வெளியே வரவில்லை. துரை மூக்கைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்தாரா கானைப் பார்த்தாரா தெரியாது. காதர் நானாதான் தம் சால்வையைக் கழற்றி எறிந்து, கையையும் நீட்டினார். லயன் வீட்டுப் பெண் ஒருத்தி வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் இடுப்பில் இருந்த பிள்ளைக்கும்தான்.

துரை டீச்சரிடம், எத்தனை பிள்ளைகளுக்கு நோய், எந்த எந்த வீடு என்று கேட்டார். டீச்சர் ஒரு தாளும் பார்க்காமல் சொன்னார். அடுத்த மழைக்கு முன்பே கானுக்குக் கல் கட்டி, மேலே பலகையும் போட்டாகிவிட்டது.

இரண்டாம் இதழில் ஆசிரியர் என்று ஒரே ஒரு பெயர்: ஞானசௌந்தரி. சுந்தரம்பிள்ளைகூட மறுபேச்சுப் பேசவில்லை. நான் கட்டுரையை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் சோப்புப் போட்டுக் குளித்தேனா என்று முதலில் விசாரித்துவிட்டு, பிழைதிருத்தும் வேலையைத் தந்தார். பிழை திருத்தித் திருத்தி, இரண்டு வருஷத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பத்திரிகை அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் வந்து நின்றுபோனது. கல்யாணம் நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது பாத்திரத்தைக் குறையாகக் கழுவினால், பாதி கூட்டிவிட்டு எழுந்தால், அவர்களுக்கு அரைப் பேர்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணைவிட இதற்குத்தான் பயம். புது மருமகன் வந்த அன்று, தேங்காய் உரித்துத் தருகிறேன் என்று எழுந்தவர் பாதியில் கையைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் மனைவி அவருக்கும் எனக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டும் அரைக் கோப்பை.

மருமகன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். “குடிங்க மாப்பிள்ளை, பழகிரும்” என்றேன்.