பெண் பார்க்கப் போன கீரியும் பட்டென்று திறந்த கதவும்

ஒரு காட்டில் சடையாண்டி என்றொரு கீரி இருந்தது. பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினோரு வீட்டிலும் பஜ்ஜியோடு திருப்பி அனுப்பப்பட்ட கீரி. பன்னிரண்டாவது பெண்ணைப் பார்க்க, வாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, புது பைக்கில் கடைத்தெரு வழியாகப் பறந்துகொண்டிருந்தது.

இனிப்புக் கடை வாசலில் நின்ற கார் ஒன்றின் கதவு பட்டென்று திறந்தது. சடையாண்டி அதில் மோதி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, ஜிலேபித் தட்டில் போய் உட்கார்ந்தது.

காரிலிருந்து வயதான கீரி ஒன்று இறங்கியது.

"யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"கதவத் தொறக்கிறதுக்கு முன்னாடி கண்ணாடியில பாக்க மாட்டியா, கிழவா?"

"நின்ன கார்ல வந்து மோதிட்டுப் பேச்சப் பாரு!"

விவகாரம் காவல் நிலையத்துக்குப் போனது. ஆமை ஏட்டு படிவத்தைப் பிரித்தது. எதிர்மரத்திலிருந்து பார்த்த தொப்ளான் என்ற குரங்கு, யாரும் கூப்பிடாமலே சாட்சி சொல்ல வந்திருந்தது.

"கதவத் தொறந்தவரு திரும்பிக்கூடப் பாக்கல. ஆனா பைக்கும் காரை உரசிக்கிட்டுதான் வந்துச்சு" என்று நடந்ததை நடந்தபடி சொன்னது.

"அப்போ கதவு மேல எழுபது சதவீதம் தப்பு, பைக் மேல முப்பது" என்றது ஏட்டு. "தம்பி எங்க போய்க்கிட்டிருந்தீங்க?"

"பொண்ணு பாக்க. புற்றுமேட்டு மாயழகு வீட்டுக்கு."

கிழட்டுக் கீரியின் மீசை துடித்தது. "மாப்பிள்ளை! நான்தான் மாயழகு. உங்களுக்கு இனிப்பு வாங்கத்தான் எறங்கினேன்!"

கிழவா என்று வேறு சொல்லித் தொலைத்தாயிற்றே! சடையாண்டி ஜிலேபிப் பாகு சொட்டச் சொட்டக் காலில் விழுந்தது.

"தப்பு என்னோடது மாமா! ஏட்டையா, எனக்கு எழுபது போடுங்க."

"என் மாப்பிள்ளைக்கு எழுபதா? எனக்குத் தொண்ணூறு போடுங்க!"

"மாமாவுக்குத் தொண்ணூறுன்னா நான் உயிரோட இருந்து என்ன? எனக்கு நூறு!"

ஏட்டு கூட்டிப் பார்த்தது. நூற்றுத் தொண்ணூறு வந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மெல்லக் கழுத்தை நீட்டிக் குரங்கைப் பார்த்தது.

"கார்ல இருந்தவரு பைக்கைப் பாக்கல. பைக்ல வந்தவரு கதவைப் பாக்கல. ரெண்டையும் பாத்தது நீ ஒருத்தன்தான். ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

"நானா?"

நூறு சதவீதமும் தொப்ளான் பெயரில் ஏறியது. லைசென்ஸ் ரத்து.

"எங்கிட்ட லைசென்ஸே இல்லீங்களே!"

"ஆறாவது கவுன்ட்டர்ல எடுத்துட்டு வா. ரத்து பண்ணணும்ல?"

மாமனாரும் மாப்பிள்ளையும் தோளில் கை போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அன்று மாலையே வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. தொப்ளான் இன்னும் வரிசையில் நிற்கிறது. முன்னால் நூற்றுப் பதினேழு பேர்.

நீதி: மோதிக்கொண்டவர்கள் சொந்தக்காரர்களா என்று விசாரிக்காமல் உண்மையைச் சொல்லிவிடாதே.