நெட் ஊறட்டும்

“பரண் மேல வைடா. மேட்டுல இருந்தாத்தான் பள்ளத்துக்குப் பாயும்” என்றார் பெரியப்பா ரங்கசாமி.

மோகன் வைஃபை பெட்டியோடு மறுபடியும் ஏணி ஏறினான். கூடத்தில் வைத்தபோது பின்கட்டில் சித்தி வசந்தியின் செல்லில் சீரியல் திக்கித் திக்கி ஓடியது. சமையலறை ஓரம் மாற்றியதும் பெரியப்பாவின் மாட்டுச்சந்தை வீடியோவில் காளை பாதி வழியில் நின்றுவிட்டது.

மூன்று அண்ணன் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகுட்டிகளும் ஒன்றாக இருக்கும் மலைவீடு அது. எந்தக் கம்பெனி நெட் வாங்குவது என்று ஒத்துப்போவதற்குள் ஒரு பொங்கலே கடந்துவிட்டது. கம்பெனி ஆள் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனதும் மோகன் ப்ளக்கைச் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது. எல்லார் செல்லிலும் வைஃபை குறி வந்தது. பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் வந்தது. வேகம் அப்படி என்று வீடே பூரித்துப்போனது.

மோகன் மட்டும் நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை பெங்களூரு மேனேஜர் அவன் செல்லுக்கு வீடியோவில் வருவார். படம் தெளிவாக வந்தால் லேப்டாப் அனுப்புவார், வீட்டிலிருந்தே வேலை. வராவிட்டால், கல்யாணமான மூன்றாம் மாதமே கலைவாணியை விட்டுவிட்டு, நாலு பேர் தங்கும் பெங்களூரு அறைக்கு அவன் பஸ் ஏற வேண்டும்.

பரணுக்குப் போயும் நெட் நகரவில்லை.

“எல்லாரும் ஒண்ணா எறைச்சா எந்தக் கெணறு தாங்கும்? கெணத்துக்கு இன்னா மொறையோ அதான் இதுக்கும்” என்று பெரியப்பா தீர்ப்பு சொன்னார். காலை பெரியவர் குடும்பம், மதியம் நடுவுள்ளவர், சாயங்காலம் சின்னவர்.

முறை வந்ததும் திருட்டும் வந்தது. அடுத்தவர் முறையில் சித்தி போர்வைக்குள் சீரியல் பார்த்தாள். பெரியம்மா மங்கம்மாள் போர்வையை உருவினாள்.

“உன் மொறையில நான் வந்து பாத்தனா?”

“பாத்தீங்க. மாட்டுக்கொட்டாயில நின்னு பாத்தீங்க.”

அன்றைக்கு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மோகன் ஒத்திகைக்கு ஒரு நண்பனை வீடியோவில் அழைத்தான். திறந்த வாயோடு நண்பன் அப்படியே உறைந்தான்.

“துணிய எடுத்து வெக்கட்டுமா?” என்றாள் கலைவாணி. அவள் அழுகையை முழுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது.

பெரியப்பா எழுந்துபோய்ச் சாமைக் கூடையைக் கொண்டுவந்தார். “எல்லாரும் செல்ல அணைச்சி இதுல போடுங்க. ராவெல்லாம் ஊறட்டும். காலைல புள்ள மொதல்ல எறைக்கட்டும்.”

சித்தி மட்டும் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவள் மாதிரி கடைசியாகப் போட்டாள்.

மறுநாள் மேனேஜர் வந்தார். அவர் மூக்குமேல் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது.

“மோகன், எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு தெளிவா வராதே. லேப்டாப் நாளைக்கே அனுப்பறேன்.”

வீடு துள்ளியது. கலைவாணி எல்லார் முன்னாலும் மோகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பு மறுபடி ஒன்றாகி, அதில் பாயசம் கொதித்தது. பெரியப்பா தானே பரணேறி, பெட்டிக்குக் குங்குமம் வைத்தார்.

“பாத்தியா? ஊற வுட்டா எதுவும் ஊறும்.”

அப்போது வாசலில், தோளில் ஒயர் சுருளோடு ஒருவர் வந்து நின்றார்.

“மன்னிச்சுக்கங்க, மழையால லேட்டாய்ட்டுது. இத்தினி நாளும் மலைமேல இருக்கற ஒத்த டவர்ல, செல்லு நெட்டுலயே ஓட்டியிருப்பீங்க. ஒரு ஏணி இருந்தா குடுங்க, இன்னைக்குத்தான் உங்க வூட்டுக்கு நெட்டு லைன் இழுக்கணும்.”