ஒரு சொட்டு பெட்ரோல் வராது

"இந்த வீட்டு கேட்டுக்குள்ள ஒரு சொட்டு பெட்ரோல் வராது!"

குவைத்தில் சண்டை மூண்டு, தாம்பரத்துப் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்ட வருஷம் அது. ஒரு சாயங்காலம், சேலையூரில் தன் வாடகை வீட்டு வாசலில் நின்றுகொண்டு எட்மண்ட் இந்தச் சபதத்தைச் செய்தார். சத்தமாகவே செய்தார். பக்கத்து வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் சம்பந்தம் காதில் விழ வேண்டும் என்றே செய்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த கீரைக்காரம்மா கூட ஒரு நிமிஷம் கூடையோடு நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

சபதத்துக்குக் காரணம் குவைத் இல்லை. அவர் மனைவி அருள்மேரி.

அருள்மேரி மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். காலையில் பஸ் ஏறும்போது இஸ்திரி போட்ட சேலை. இறங்கும்போது அதே சேலை துவைத்துப் பிழிந்த மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒரு செருப்பு வேறு பஸ்ஸோடு போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்தவள் கேட்டாள்.

"என்னங்க, என் சீட்டுப் பணம் வருது. ஒரு மொபெட் வாங்கிக்கட்டுமா?"

எட்மண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பணத்தை நினைத்து இல்லை. அவருக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அவள் மொபெட்டில் புர்ரென்று முன்னால் போக, அவர் சைக்கிளில் தஸ்ஸுபுஸ்ஸென்று பின்னால் மிதித்து வர... தெரு பார்க்காதா? பார்த்துவிட்டுச் சும்மா இருக்குமா?

"பெட்ரோல் கிடைக்காத காலத்துல மொபெட்டா? கரண்ட்ல ஓடற சைக்கிள் நானே செஞ்சு தர்றேன் மேரி."

"கரண்ட்லயா?"

"தாம்பரத்துலேர்ந்து பீச் வரைக்கும் அவ்ளோ பெரிய ட்ரெயின் எதுல ஓடுது? கரண்ட்லதானே? ஒரு சைக்கிள் ஓடாதா?"

"ட்ரெயினுக்கு மேல ஒயர் போகுது. உங்களுக்கு மேல என்ன இருக்கு?"

"மூளை இருக்கு!"

அருள்மேரி அவர் தலையை ஒருதரம் பார்த்தாள். அங்கே முடியே அதிகம் இல்லை. உள்ளே போய்விட்டாள். அந்தச் சூட்டில்தான் எட்மண்ட் வாசலுக்கு வந்து சபதம் செய்தது.

எட்மண்டுக்கு கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேலை. நட்டு, போல்ட்டுகளோடு பழகியவர், அதாவது எண்ணிக் கொடுத்துப் பழகியவர். மாட்டிப் பழக்கமில்லை. அது ஒரு குறையாக அவருக்குத் தோன்றவில்லை. புதுப்பேட்டைக்குப் போய் ஏதோ ஒரு பழைய காரின் டைனமோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். காரில் அதைச் சுற்றினால் கரண்ட் வரும். அதற்கே கரண்ட் கொடுத்தால் அது சுற்றும். அதன் முனையில் ஒரு உருளை. உருளை பின்சக்கரத்து டயரை உரசி உருட்டும். கேரியரில் ஒரு கார் பேட்டரி. ஹாண்டில்பாரில், ஹாலில் இருந்து கழற்றிய ட்யூப்லைட் சுவிட்ச். அன்றிலிருந்து ஹாலில் வெளிச்சம் இல்லை. பேட்டரி ஆசிட் தெறித்து அவருடைய லுங்கிகளில் ஓட்டை. அவளுடைய பள்ளிக்கூடச் சேலையிலும் ஓட்டை.

"இது என்ன டிசைன்?" என்றாள் அருள்மேரி.

"விஞ்ஞானம்னா கொஞ்சம் ஓட்டை விழத்தான் செய்யும்."

"பாத்தா தெரியுது. எல்லாம் ஓட்டையாத்தான் இருக்கு."

முதல் ஓட்டத்துக்குத் தெருவே வந்திருந்தது. எட்மண்ட் சுவிட்சைத் தட்டினார். பொறி பறந்தது. வண்டி கிளம்பியது. எட்மண்ட் கிளம்பவில்லை. தனியாகப் போன சைக்கிள் சம்பந்தத்தின் முருங்கை மரத்தில் முட்டி நின்றது. மரம் முறிந்தது.

ஆனால் எட்மண்ட் சளைக்கிற ஆள் இல்லை. உருளையை மாற்றினார், ஸ்பிரிங் போட்டார், பேட்டரிக்குப் பெட்டி செய்தார். கடைசியில் ஒருநாள் சைக்கிளும் அவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். கொர்ர்ர் என்று மாவு மில் மாதிரி ஒரு சத்தம். தெரு கை தட்டியது. எட்மண்ட் ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே கேம்ப் ரோடு திருப்பத்தில் மறைந்தார்.

திருப்பம் தாண்டியதும் பேட்டரி படுத்துவிட்டது.

அங்கிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை சைக்கிள், பேட்டரி, டைனமோ, சபதம் எல்லாவற்றையும் சேர்த்து அவர்தான் மிதித்தார். அத்தனை கனத்துக்கு ப்ரேக் பிடிக்கவில்லை. காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினார். சாயங்காலம் திரும்பும்போது திருப்பத்திலேயே ஒரு புளிய மரத்தடியில் நின்று இளைப்பாறினார். படுத்த பேட்டரி கொஞ்ச நேரத்தில் லேசாக எழுந்து உட்காரும். அந்த உயிரை வைத்துக்கொண்டு கொர்ர்ர் என்று தெருவுக்குள் நுழைவார். தெரு மறுபடியும் கை தட்டும். தினமும் இதே கூத்து.

"ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?" என்பாள் அருள்மேரி.

"மோட்டார் சூடு."

"பேட்டரி கரண்ட்டை இழுக்குது, சரி. நீங்க ஏன் மூச்சை இழுக்கறீங்க?"

 அதற்குப் பதில் சொல்ல அவருக்கு மூச்சில்லை.

ஒருநாள் காலை அவள் சைக்கிளின் குறுக்கே வந்து நின்றாள்.

"எனக்காகத்தானே செஞ்சீங்க? இவ்ளோ நல்லா ஓடுது. இன்னிலேர்ந்து நான் எடுத்துக்கறேன்."

எட்மண்ட் திகைத்தார். கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். ஓடாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. சரி, ஒரே ஒரு நாள் மிதிக்கட்டும். சாயங்காலம் அழுதுகொண்டு வந்து, ஆளை விடுங்கள் என்பாள். மொபெட் பேச்சும் அடங்கிவிடும். அதோடு இன்றைக்கு ஸ்டேஷனுக்குச் சும்மா கைவீசி நடக்கலாம் என்று நினைத்தபோது அவருடைய முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக சந்தோஷப்பட்டன.

"மெதுவா போ மேரி. ப்ரேக் கொஞ்சம் யோசிச்சுத்தான் பிடிக்கும்."

சாயங்காலம் அருள்மேரி வந்தாள். சேலையில் மடிப்புக் கலையவில்லை. தலையில் வைத்த கனகாம்பரம் அப்படியே இருந்தது.

"எப்படி ஓடுச்சு?"

"வழுக்கிக்கிட்டுப் போகுதுங்க."

"மேடவாக்கம் வரைக்குமா?"

"வேற எங்க போவேன்?"

"சார்ஜ்?"

"நிறைய மிச்சம் இருக்கு. இனிமே சார்ஜ் எல்லாம் நானே எடுத்துக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

அவள் காபி போடப் போனதும் எட்மண்ட் ஓடிப்போய் டைனமோவைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தான் கண்டுபிடித்த வண்டி தனக்கு மட்டும் ஏன் ஓடவில்லை என்று எட்மண்டுக்குப் புரியவில்லை. ஆள் கனமா? ராசியா? ஆனாலும் தெருவில் மதிப்பு ஏறிக்கொண்டே போனதால் புரியாமலே கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தார்.

அப்போதுதான் சம்பந்தம் வந்தார்.

"எட்மண்ட் சார், நம்ம ஜெயக்கொடி காட்டாங்குளத்தூர் காலேஜுக்குப் போவுது இல்ல? ட்ரெயின்ல ஒரே நெரிசல். டீச்சரம்மா வண்டி மாதிரியே அதுக்கும் ஒன்னு செஞ்சு குடு சார்."

சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். எட்மண்டின் வாய் அவரைக் கேட்காமல், "அதுக்கென்ன அண்ணா, செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. காட்டாங்குளத்தூர் என்றால் ஜி.எஸ்.டி. ரோடு. லாரி. இரண்டு பக்கமும் லாரி. நடுவில் அந்தப் பெண். ப்ரேக் பிடிக்காத சைக்கிள். கண்ணை மூடினால் இதுதான் வந்தது. "எந்த மட்டும் வந்துது சார்?" என்று சம்பந்தம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தினம் கேட்டார். ஜெயக்கொடியும், "அங்கிள், எனக்கு நீலக் கலர் அடிங்க" என்றாள். எட்மண்ட் இளைத்துப் போனார்.

கடைசியில் அவர் ஆபீசுக்கு லீவு போட்டார். அருள்மேரி அந்த வண்டியை எப்படித்தான் ஓட்டுகிறாள் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்தார்.

அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. கேம்ப் ரோடு திருப்பத்தில் குப்புராஜின் சைக்கிள் கடை. அருள்மேரி மிதித்துக்கொண்டுதான் அதுவரை போனாள். கடை வாசலில் இறங்கினாள். சைக்கிளைக் குப்புராஜிடம் கொடுத்தாள். கடைக்குள்ளிருந்து அவன் ஒரு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். சிவப்பு மொபெட். புத்தம் புதுசு. அருள்மேரி முந்தானையை இடுப்பில் செருகினாள், ஏறினாள், புர்ரென்று போய்விட்டாள்.

எட்மண்ட் புளிய மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"குப்புராஜ், அது யாரு வண்டி?"

"எது சார்? வண்டியா? இங்க வண்டியே கெடையாதே."

"இப்ப போச்சே, சிவப்பா!"

"செவப்பாவா? உனுக்குக் கண்ணு இன்னாவோ ஆயிட்ச்சி சார். வெயில்ல நிக்காத."

"குப்புராஜ்!"

குப்புராஜ் தலையைச் சொறிந்தான். "டீச்சரம்மா வண்டிதான் சார். பேஜார் பண்ணாத. அது ரொம்ப மருவாதி தெரிஞ்ச பொம்பள. 'வூட்டுக்குள்ள பெட்ரோல் வரக்கூடாதுன்னு எங்க வூட்டுக்காரர் சத்தியம் பண்ணிகீறாரு. அவரு வார்த்தைய மீறக்கூடாது. அதான் உன் கடையில வுட்டுக்கிறேன்'னு சொல்லிச்சி. இந்தக் காலத்துல புருசன் பேச்ச யாரு சார் இப்டி கேக்கறாங்க?"

எட்மண்டுக்கு முதலில் கோபம் வந்தது. மூச்சை இழுத்து அதைப் பெரிதாக்கப் பார்த்தார். முடியவில்லை. நெஞ்சுக்குள் வேறு என்னவோ லேசாகிக்கொண்டிருந்தது. அப்படியானால் அவள் இத்தனை நாளும் ப்ரேக் இல்லாத அந்தச் சனியனில் மேடவாக்கம் போகவில்லை. நல்ல வண்டியில் போய் நல்லபடியாக வந்திருக்கிறாள். கடவுளுக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த நிமிஷம் ஜெயக்கொடி ஞாபகம் வந்தது. அப்படியானால் அந்த சைக்கிள் யாருக்குமே ஓடவில்லை! நேரே சம்பந்தம் வீட்டுக்கு நடந்தார். நடக்கவில்லை, ஓடினார்.

சம்பந்தம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க பொண்ணுக்கு நான் வண்டி செஞ்சு தர முடியாது."

"ஏன் சார்?"

"அது ஓடாது."

"எது ஓடாது?"

"என் வண்டி. திருப்பம் வரைக்கும்தான் ஓடும். அதுக்கு மேல நான்தான் மிதிச்சேன். ப்ரேக்கும் பிடிக்காது. ஜி.எஸ்.டி. ரோட்டுல அந்தப் பொண்ணை அதுல அனுப்பாதீங்க அண்ணா. என்னைத் திட்டணும்னா திட்டிக்குங்க. வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் சரி."

சம்பந்தம் பேப்பரை மடித்தார். உள்பக்கம் திரும்பினார்.

"கங்கா! சீக்கிரம் வா! சார் சொல்லிட்டாரு!"

அவர் மனைவி கங்கையம்மாள் கரண்டியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லிட்டாரா? அப்பாடா! தெனம் இவர் உங்ககிட்ட வந்து பொய்யா கேட்டுக்கினு இருக்கறது எனக்கே பாவமா இருந்துச்சு சார்."

"பொய்யாவா?" என்றார் எட்மண்ட்.

"டீச்சரம்மாதான் கேக்கச் சொன்னாங்க" என்றார் சம்பந்தம். "'நான் சொன்னா அவருக்கு ரோஷம் வந்துடும். உங்க பொண்ணுக்குன்னு கேளுங்க, அவரே வந்து உண்மையைச் சொல்லிடுவாரு. அடுத்தவங்க பிள்ளைக்கு ஒன்னுன்னா தாங்க மாட்டாரு'ன்னாங்க. எங்க ஜெயக்கொடி டீச்சரம்மாகிட்டதான் மொபெட் ஓட்டக் கத்துக்கினு இருக்குது சார். தெருவுல உனுக்கு மட்டும்தான் தெரியாது."

எட்மண்ட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவமானப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கங்கையம்மாள் கொண்டுவந்து கொடுத்த மோர் அவ்வளவு ருசியாக இருந்தது. பல நாள் கழித்துத் தொண்டையில் ஒன்று தடையில்லாமல் இறங்கியது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

குப்புராஜ் எல்லாம் சொல்லியிருப்பான் போலிருக்கிறது; சாயங்காலம் சிவப்பு மொபெட்டே தெருமுனையில் திரும்பியது.  எட்மண்ட் தானே போய் கேட்டை அகலத் திறந்தார்.  அருள்மேரி வண்டியை உள்ளே விடாமல் வாசலிலேயே திருப்பி நிறுத்தினாள்.

"ஏறுங்க. தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வரலாம். காய்கறி ஒன்னும் இல்ல."

எட்மண்ட் மடியில் கூடையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். தெரு பார்த்தது. பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போய்விட்டது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது. முகத்தில் காற்று அடித்தது. வேர்வை ஒரு பொட்டு இல்லை. எட்மண்ட் கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

ரோட்டில் ஒரு சின்ன மேடு வந்தது. வண்டி லேசாக முக்கியது.

அருள்மேரி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"மிதிக்கிற மாதிரி காலை ஆட்டாம உக்காருங்க. இது நிஜமாவே ஓடற வண்டி."