கேட்காமல் கொடுத்தது

“என்ர ஐடென்டிட்டி கார்டைத் தாங்கோ.”

லவினா சொல்லிவிட்டாள். சிங்களத்தில்தான் சொன்னாள். ஆனால் தொண்டைக்குள்ளேயே சொன்னதால், நாலடி தள்ளி நின்ற பச்சைப் புள்ளி ஜாக்கெட்காரனுக்குக் கேட்கவில்லை.

பதினாறு வயதில் கார்ட் வந்த அன்றே, கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா யோசெப்பின் சொல்லியிருந்தாள்: “ஆமி உடுப்புப் போட்டவன் கேட்டால் குடு. திருப்பித் தா எண்டு மட்டும் வாய் திறக்காதே. அவனாத் தருவான்.”

இவன் தரவில்லை.

புத்தளம் பக்கம், கடலேரிக் களப்பின் ஓரத்துச் சரணாலயத்தில் பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மரக் குடில் அது. வெளியே சேற்றில் நூறு உள்ளான் குருவிகள் கொத்தித் திரிந்தன. லவினா ஒன்றையும் பார்க்கவில்லை. நாளை திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஆசிரியர் நியமன நேர்முகம். மூன்று வருடம் காத்துக் கிடைத்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாம். கார்ட் இல்லாவிட்டால் வாசலையே தாண்ட விடமாட்டார்கள்.

“அவன் கேட்டானாடி?” என்று கிசுகிசுத்தாள் தோழி ருஷ்தா. ஞாயிறு பூசையையும் விட்டுவிட்டு இங்கே வந்தது, தெஹிவளை ருஷ்தாவின் பறவைப் பைத்தியத்தால்.

“இல்லை. நான் உள்ள வந்தனான், அவன் பார்த்தான். கை தானாப் பையைத் திறந்து குடுத்திட்டுது.”

“பெரிய படிச்சவ!”

“பேசாதே. எப்பிடித் திருப்பி வாங்கிறது எண்டு சொல்லு.”

“கம்பஸ் கார்டையும் காட்டு. மரியாதையான ஆள் எண்டு விளங்கும்.”

காட்டினாள். அவன் அதையும் வாங்கிக்கொண்டான். அவன் நெற்றி வியர்த்திருந்தது. கோபம் என்று லவினா நினைத்தாள்.

“இப்ப ரெண்டும் போச்சு, ருஷ்தா!”

“பொறு. உம்மா பொரிச்சுத் தந்த கட்லட் இருக்கு. திண்டா மனசு இளகும்.”

லவினா பெட்டியை நீட்டினாள். பயத்தில் சிங்களம் பாதிதான் வந்தது. “சாப்பிடுங்கோ சேர். இனி எப்ப சாப்பாடோ தெரியாது.”

அவன் முகம் வெளுத்தது. பெட்டியோடும் இரண்டு கார்டோடும் குடிலை விட்டு ஓடினான். உள்ளான்கள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிப் பறந்தன.

“ஆக்களைக் கூட்டிவரப் போறான்,” என்றாள் லவினா. பெஞ்சில் இருந்துவிட்டாள். ருஷ்தா ஓதத் தொடங்கினாள்.

ஐந்து நிமிடத்தில் காலடிச் சத்தம். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வேன் ஓட்டிவந்த ரொனி அங்கிள் வாசலில் தலையை நீட்டினார்.

“பிள்ளை, அந்த மனுசனை என்ன செய்தனீ? வேனுக்குப் பக்கத்தில நிண்டு அழுறான். குருவி படம் பிடிக்க, டிக்கட் எடுக்காமல் வேலியால பூந்தவனாம். வைல்ட்லைஃப் ஒஃபிசர் மிஸ் ரெண்டு கார்டைக் காட்டிப் பிடிச்சு, கடைசிச் சாப்பாடும் தந்திட்டாவாம். எத்தினை நாள் உள்ள வைப்பா எண்டு கேட்டு வரச் சொன்னான்.”

லவினா எழுந்தாள். ஜீன்ஸைத் தட்டிவிட்டு வாசலைத் தாண்டி நடந்தாள். முதலில் எதைக் கேட்பதென்று முடிவாகியிருந்தது.

அவனுடைய ஐடென்டிட்டி கார்டை.