நாற்பது நாள் தேடிய கியர் பெட்டி

மல்லசமுத்திரத்தில் மாமனார் வீட்டு விருந்துப் பந்தி. அத்தனை சனத்துக்கு நடுவில் அர்த்தநாரி எழுந்து நின்று சபதம் போட்டார். "இனிமே இந்த ஊட்டு வாசல்ல நான் எறங்குனா, எங்காரு உருண்டு வந்துதான் எறங்குவேன்."

மூணு மாசம் தாங்கவில்லை. பங்குனியில் மச்சினன் வேலுமணிக்குக் கல்யாணம் என்று சேதி வந்தது. அதே வாரம் காரின் கியர் பெட்டிக்குள் நாலு பல்லு உடைந்தது.

அது ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை வித்துவிட்டுக் கப்பலேறிய கார். துரையும் போயாச்சு, அந்த மாதிரிக் காரும் போயாச்சு. மனுசனுக்குப் பல்லுப் போனால் கஞ்சி குடிக்கலாம். கார் என்ன செய்யும்? எஞ்சின் சிங்கமாக உறுமியது, சக்கரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. போகாவிட்டால் உறவு போகும், பஸ்ஸில் போனால் மானம் போகும். அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை.

பெண்டாட்டி பாவாயிக்கு வேறு துக்கம். நாலு ஏக்கர் மிளகாய் வாடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைத்து இறைத்து மாடு ரெண்டும் நுரை தள்ளின. கிணத்துக்கு ஒரு எஞ்சின் வாங்குங்க என்று ரெண்டு வருசமாக நச்சரித்தவள், இப்போது அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். பெட்டியைத் தேடுங்க, கட்டாயம் கிடைக்கும் என்று கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்ப்பாள் என்று அர்த்தநாரிக்குக் கண் கலங்கியது.

கார் மேஸ்திரி சூசைமாணிக்கம் சேலத்து வேதக்காரர். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் நாற்பது நாளும் கறி தின்ன மாட்டார், பொய் பேச மாட்டார். அவர் சொன்னார், ஓமலூரில் இதே மாதிரி ஒரு கார் கிடக்கிறதாகக் கேள்வி என்று. தவசுக்காரர் வாக்காச்சே. அர்த்தநாரி ஓடினார். அங்கே காருக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, பெட்டி எப்போதோ போய்விட்டது. அடுத்து ஆத்தூரில் கேள்வி. அங்கே காரைப் பார்த்த கிழவர் இருந்தார், கார் இல்லை. வீட்டுக்கு வந்து விழுவார். விடிந்தால் இன்னொரு கேள்வி தயாராக இருக்கும். காரைப் பார்த்தால் அழுகை வருமென்று கொட்டகைப் பக்கமே அவர் போகவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள், செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடை ஒன்றில் புளி மூட்டைக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது அதே பெட்டி. பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

ஊருக்குள் இறங்கித் தோட்டத்துக்கு வந்தால், வாய்க்கால் நிறையத் தண்ணீர். எங்கேயோ கேட்ட உறுமல். கிணற்று மேட்டில், கல் மேடை போட்டு, பெல்ட் மாட்டி, அவர் காரின் எஞ்சின் தண்ணீரை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சூசைமாணிக்கம் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"தவசு காலத்துல பொய் பேசமாட்டேன்னியேப்பா."

"எங்கீங்க பொய் சொன்னேன்? கேள்வின்னுதானுங்க சொன்னேன். பாவாயி அம்மா சொல்லித்தான் நானே கேள்விப்பட்டேன்."

அர்த்தநாரி பெட்டியோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பாவாயி மோர் கொண்டுவந்தாள்.

"ஏம்புள்ள, நாளைக்குக் கல்யாணம். நான் எதுல போறது?"

"காருலதானுங்க."

"எஞ்சின் இங்க கெடக்குது."

"உருண்டு வரும்னுதான சொன்னீங்க, எஞ்சின்ல வரும்னா சொன்னீங்க? தண்ணி எறைக்கிற வேலையில்லாம மாடு ரெண்டும் சும்மாதானுங்க நிக்குது."

அர்த்தநாரி மோரைக் குடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

விடியற்காலை காரின் மூக்கில் ஏர்க்கால் கட்டி மாடு பூட்டினார்கள். எஞ்சின் இல்லாத கார் முன்பக்கம் தூக்கியது. அந்தப் பெட்டியை அங்கே வையுங்க, பாரத்துக்கு ஆகும் என்றாள் பாவாயி. நாற்பது நாள் தேடிய பெட்டியை அர்த்தநாரியே தூக்கி வைத்தார், அச்சாகப் பொருந்தியது.

மல்லசமுத்திரத்துச் சனமெல்லாம் வாசலில் நின்று பார்க்க, கார் உருண்டு வந்தது. ஸ்டியரிங் அர்த்தநாரி கையில் இருந்தது. மாட்டுக் கயிறு பாவாயி கையில் இருந்தது.